புற்றுநோய் மீநுண் ஆய்வும் ஆய்வாளர் ஆக்கமும்

அறிவியல் வளர்ச்சி என்றவுடன் கருவிகளும் கண்டுபிடிப்புகளுமே நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றைப் படைக்கும் ஆய்வாளர் எவ்வாறு உருவாகின்றார், அவரை உருவாக்கும் செலவினை யார் ஏற்கின்றனர் என்னும் வினாக்களை நாம் பெரிதும் எழுப்புவதில்லை. புற்றுநோய் மீநுண் தொழில்நுட்பத்தில் ஆய்வாளர்களைப் பயிற்றுவிக்க அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நல்கை வேண்டி விண்ணப்பிக்கும் முறை இவ்வினாக்களுக்கு விடை தருகின்றது. அதனை ஈண்டுக் காண்போம்.

மீநுண்மையின் பயன்

ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு நானோமீட்டர் ஆகும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையிலான பொருள்களைக் கையாளும் கலையே மீநுண் தொழில்நுட்பம். டாக்சோரூபிசின் என்னும் மருந்து புற்றுநோயை எதிர்ப்பது. ஆயினும் இதயத்திற்கு ஊறு செய்ய வல்லது. அதனைக் கொழுப்பாலான நுண்குமிழிக்குள் அடைத்துச் செலுத்தும் 'டாக்சில்' 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இதனால் இதயத்திற்கு நேரும் கேடு குறைந்தது. அல்புமின் புரதத்துடன் பேக்லிடாக்சல் மருந்தை இணைத்த 'அப்ராக்சேன்' 2005-இல் ஒப்புதல் பெற்றது.

எனினும் இத்துறை முழு வெற்றி கண்டுவிட்டது எனக் கூறுவதற்கில்லை. அதுவரை வெளிவந்த ஆய்வுகளை ஒருங்கே திரட்டி டொராண்டோ பல்கலைக்கழக அறிஞர்கள் 2016-இல் ஒரு கணக்கீட்டை வெளியிட்டனர். ஊசி வழியே செலுத்திய மீநுண் துகள்களில் கட்டியைச் சென்றடைவது இடைநிலை அளவில் 0.7 விழுக்காடே என்பது அதன் முடிவு. எஞ்சியவற்றுள் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிற உறுப்புகளும் தடுத்துக் கொள்கின்றன. துகளைச் செய்யத் தெரிந்தவர் உடலின் இயல்பை அறியார். உடலை அறிந்த மருத்துவர் துகளின் இயல்பை அறியார். இவ்விடைவெளியை நிரப்ப இரு துறையும் கற்றவர் தேவை. இத்தேவையே பயிற்சி நல்கைக்கு வித்திட்டது.

நல்கையின் தோற்றம்

அமெரிக்காவில் ஆய்வாளர் பயிற்சிக்கென 1974-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. புற்றுநோய் மீநுண் ஆய்விற்காகத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஐந்தாண்டுகளுக்கு 14 கோடியே 43 இலட்சம் டாலர் மதிப்பிலான திட்டத்தை 2004-இல் அறிவித்தது. 2010-இல் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில் பயிற்சி மையங்களும் இடம்பெற்றன. பாஸ்டன் பல்கலைக்கழகமும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் அவ்வாறு மையம் பெற்றவற்றுள் அடங்கும்.

விண்ணப்பத்தின் உள்ளடக்கம்

நிறுவனப் பயிற்சி நல்கைக்கு மாணவர் தனித்து விண்ணப்பிப்பதில்லை, பல்கலைக்கழகமே விண்ணப்பிக்கின்றது. பயிற்சித் திட்ட விளக்கம் 25 பக்கங்களுக்குள் அமைதல் வேண்டும். இயக்குநர் யார், வழிகாட்டிகள் எவர், அவர்களிடம் முன்னர்ப் பயின்றோர் இன்று எந்நிலையில் உள்ளனர், மாணவரை எவ்வாறு தெரிவு செய்வர், அவர்தம் முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பர் என்பனவெல்லாம் அதில் விளக்கம் பெறும். இவற்றுள் பழைய மாணவர் பட்டியலே ஓர் ஆசிரியரின் தகுதிக்கு உரைகல்லாக அமைகின்றது. ஆய்வு நெறிமுறை பற்றிய பாடமும் கட்டாயமாகும். அதற்குக் குறைந்தது எட்டு மணி நேரம் ஒதுக்குதல் வேண்டும். தரவுகளைத் திரித்தலும் பிறர் எழுத்தைத் தமதாக்கலும் நோயாளியின் உயிர்வரை சென்று தாக்கும் என்பதை உணர்வோர்க்கு இவ்விதியின் இன்றியமையாமை விளங்கும்.

துறை வல்லுநர் குழு விண்ணப்பத்தை 1 முதல் 9 வரை மதிப்பிடும். நம் தேர்வு முறைக்கு மாறாக, அங்கு எண் குறையுந்தோறும் சிறப்பு மிகும். அதன்பின் ஆலோசனை மன்றம் இரண்டாம் முறை ஆராயும்.

நல்கையின் பெரும்பகுதி மாணவரின் உதவித்தொகைக்கும் கல்விக் கட்டணத்திற்குமே செல்கின்றது. நிறுவனத்தின் மறைமுகச் செலவிற்குப் பொதுவாக 8 விழுக்காடே அனுமதிக்கப்படும். முனைவர் பட்டத்திற்குப் பின் இப்பயிற்சியில் சேர்வோர், முதல் 12 மாதங்களில் பெற்ற உதவிக்கு ஈடாக ஆய்வோ கற்பித்தலோ செய்யக் கடமைப்பட்டவர் ஆவர். பயிற்சியை இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தால் அதுவே அக்கடனைத் தீர்க்கும். பொருளாகப் பெற்றதைப் பணியாகத் திருப்பித் தரும் இம்முறை போற்றத்தக்கது.

நாம் கொள்ள வேண்டுவன

மேற்படிப்பை நாடும் நம் மாணவர்கள் ஒன்றை அறிந்து கொள்ளுதல் நலம். இச்சட்டவழிப் பயிற்சி இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியுரிமை பெற்றோர்க்கும் உரியவை. அயல்நாட்டு மாணவர் பெரும்பாலும் வழிகாட்டியின் ஆய்வு நல்கையிலிருந்தோ பல்கலைக்கழக உதவியிலிருந்தோ ஊதியம் பெறுகின்றனர். ஆதலின், அங்குச் சேர விழைவோர் எந்நிதியிலிருந்து தமக்கு உதவி கிடைக்கும் என்பதை முன்னரே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

நம் கல்லூரிகளிலும் நல்கைக்கு விண்ணப்பங்கள் எழுதப்படுகின்றன. அவற்றுள் கட்டடமும் கருவியும் முதலிடம் பெறுதல் இயல்பாகி விட்டது. நம் ஊரில் புற்றுநோயால் உறவினரை இழக்காத குடும்பம் அரிது. அக்குடும்பங்களுக்கு நாளை உதவப் போகின்றவர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் வேதியியல் மாணவியாகவோ விலங்கியல் மாணவராகவோ இருக்கலாம். எத்தனை கருவி வேண்டும் எனக் கேட்கும் முன்னர், எத்தகைய மாணவரை உருவாக்கப் போகின்றோம் என்பதை நம் விண்ணப்பங்கள் கூறட்டும். அதுவே நாம் இதிலிருந்து கற்கும் பாடமாகும்.