ஊசிக்கு வடிவம் தரும் இடங்கள்

கைத்தையல் கண்காட்சியில் புது வடிவம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது துணியின் பின்பக்கத்தை. முன்பக்கம் வேலையின் அழகைக் காட்டும். வேலை நடந்த வழி பின்பக்கத்தில்தான் இருக்கும். நூல் எங்கே தொடங்கியது, எங்கே தாண்டியது, எங்கே முடிச்சானது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

நீலகிரித் தோடர்களின் பூத்தையல் இதற்கு நல்ல சான்று. வெளிறிய பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல்கள் மட்டும். துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், நெய்த இழைகளை எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். இரண்டே நிறத்தில் இவ்வளவு செய்ய முடிகிறது என்பதே, ஆரி வேலையில் பத்து நிறம் சேர்த்துப் பழகியவருக்குப் பெரிய பாடம்.

கும்பகோணம், தஞ்சாவூர்ப் பகுதியின் தேரில் தொங்கவிடும் தொம்பைகள் வேறொன்றைக் கற்பிக்கின்றன. துணியை உருவங்களாக வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் ஒட்டுவேலை அது. தெருக்கோடியில் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதால் உருவம் பெரிது, நிறம் அழுத்தமானது. காரைக்குடியின் கண்டாங்கிச் சேலையிலோ கட்டங்கள் நெசவிலேயே அமைந்துவிடுகின்றன. தையல் தெரிந்தவர் கண்ணுக்கு அது கோடு போட்டு வைத்த கட்டத்தாள்.

பார்த்ததை அப்படியே படி எடுப்பது தூண்டுதல் ஆகாது. தோடர் பூத்தையலுக்கு 2013-லும் கண்டாங்கிக்கு 2019-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வேறெங்கோ செய்த போலியை அந்தப் பெயரில் விற்க முடியாது. படம் எடுக்கும்முன் செய்தவரிடம் கேட்பதே முறை. ஒரு சிறு உறையையாவது விலைக்கு வாங்கி, வீட்டில் வைத்து இழை இழையாகப் பார்ப்பது இன்னும் நல்லது. அந்தக் கைக்குரிய கூலியும் அவரைச் சேரும். குறிப்பேட்டில் ஏறவேண்டியது முழுப் படமல்ல. இரண்டு நிறங்களின் சேர்க்கை, ஒரு மூலை திரும்பிய விதம், கரைக்கும் உடலுக்கும் இடையே விட்ட இடைவெளி.

இப்படிப் பழகிய கண்ணுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரும் புதையல் உண்டு. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் உள்ள சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் மண்டப விதானம் முழுவதும் ஒரு தாமரைக் குள ஓவியம். பச்சை இலைகளின் நடுவே பூக்கள், மீன்கள், அன்னங்கள், எருமைகள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. சுண்ணாம்பின் வெள்ளை, கரியின் கறுப்பு, காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என ஓவியர் கையில் இருந்த நிறங்கள் சிலவே. அவற்றுக்கு இணையான நூற்கண்டுகள் ஒரு சிறு டப்பாவில் அடங்கிவிடும். தண்டுகளுக்குக் காம்புத் தையலும் இதழோரத்துக்குச் சங்கிலித் தையலும் போதும்.

தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் பலர் கவனிக்காமல் விடுவது கருவறை விதானத்தை. அங்கே கட்டங்களும் வட்டங்களும் கரைக்கோடுகளுமாக, தலைக்குமேல் கட்டிய மேற்கட்டித் துணிபோல ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். துணியைப் பார்த்துத்தான் அந்த ஓவியர் விதானத்தில் தூரிகை வைத்திருக்க வேண்டும். அதே கட்டங்களைக் கட்டத்தாளில் எண்ணி இறக்கினால், குறுக்குத் தையலில் ஒரு மேசைவிரிப்பாகவோ தலையணை உறையாகவோ அவை மறுபடி துணிக்கே வந்துசேரும்.