தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தேர்தல்: வாக்கு மாறவில்லை, வரப்பு மாறியது

தேர்தல் முடிந்ததும் பத்திரிகைகளில் தொகுதிவாரி முடிவுகள் நீண்ட பட்டியலாக வெளிவரும். நம்மில் பலர் சொந்தத் தொகுதியையும் பக்கத்துத் தொகுதியையும் பார்ப்போம். பிறகு எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று கடைசி வரியைப் பார்ப்பதோடு சரி. அந்தப் பட்டியலைப் பொறுமையாகப் படித்தால் உழவர் வாக்குக்கு எங்கே வலு இருந்தது, எங்கே இல்லை என்பது தெரியவரும். அப்படிப் படிக்கத்தக்க ஒன்று, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் 1968 மார்ச் 2-ஆம் நாள் நடந்த சட்டமன்றத் தேர்தலின் முடிவுகள். ஆற்று நீரும் அணையும் உப்பும் அந்த முடிவுகளோடு பின்னிக் கிடப்பதால் விவசாய அன்பர்களுக்கு இது புறம்பான செய்தி அல்ல.

தெற்கு ஆஸ்திரேலியா பரப்பில் மிகப் பெரிய மாநிலம், ஆனால் வறண்டது. கோதுமை, பார்லி, செம்மறி ஆடு ஆகியவையே அதன் பழைய வாழ்வாதாரம். மழையை நம்பிப் பயிரிடக்கூடிய நிலம் எது, நம்பக்கூடாத நிலம் எது என்று ஜார்ஜ் கோய்டர் என்ற நில அளவைத் தலைவர் 1865-இல் ஒரு கோடு வரைந்தார். அந்தக் கோட்டைத் தாண்டி வடக்கே உழுதவர்களில் பலர் பின்னர் நிலத்தைக் கைவிட்டுத் திரும்ப நேர்ந்தது. மக்களில் பெரும்பாலோர் தலைநகரான அடிலெய்டிலும் அதன் புறநகர்களிலும் வாழ்கின்றனர். மாநிலத்துக்கு உள்ள ஒரே பெரிய ஆறு மர்ரே. அது கிழக்கே உள்ள நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா ஆகிய மாநிலங்களைக் கடந்துதான் இங்கு வருகிறது. கடைமடை விவசாயியின் நிலை எப்படி இருக்கும் என்பதை நமக்கு விளக்கத் தேவையில்லை.

இந்த மாநிலத்தில் 1936-இல் ஒரு தேர்தல் சட்டம் வந்தது. அதன்படி சட்டமன்றத்துக்கு 39 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினர். 39-இல் 26 தொகுதிகள் கிராமப்புறத்துக்கு, 13 மட்டுமே அடிலெய்டு நகருக்கு. அதாவது நகரத்துக்கு ஒன்று என்றால் கிராமத்துக்கு இரண்டு. நாட்டுக்குச் சோறு போடுபவன் குரல் நகரத்தின் இரைச்சலில் அமுங்கிவிடக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்பதற்கு நமக்கும் இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நகரம் வளர்ந்துகொண்டே போக, வரையறை மட்டும் அப்படியே நின்றது. 1960-களில் மாநில மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் நகரத்தில் இருந்தனர். அவர்களுக்கு இடங்களில் மூன்றில் ஒரு பங்குதான்.

வாய்க்கால் பாசனத்தை வைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். ஒரு வாய்க்காலில் 39 மடைகள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா மடைக்கும் ஒரே அளவு நேரம்தான் தண்ணீர். ஆனால் ஒரு மடையின் கீழ் 10 ஏக்கர், இன்னொன்றின் கீழ் 90 ஏக்கர். முறை சமம்தான், பாயும் தண்ணீர் சமமாகுமா? 1968 தேர்தலில் வடக்கே உள்ள ஃப்ரோம் தொகுதியில் பதிவான செல்லத்தக்க வாக்குகள் சுமார் 4,500. நகரை ஒட்டிய என்ஃபீல்ட் தொகுதியில் சுமார் 42,000. இரண்டுக்கும் சட்டமன்றத்தில் தலா ஒரே நாற்காலி.

இந்த ஏற்பாட்டின் மீது நின்று ஆண்டவர் தாமஸ் பிளேஃபோர்டு. அடிலெய்டு குன்றுப் பகுதியில் செர்ரித் தோட்டம் வைத்திருந்த பழ விவசாயி. லிபரல் அண்டு கண்ட்ரி லீக் என்ற கட்சியின் தலைவர். (சுருக்கம் கருதி இனி லிபரல் என்றே குறிப்பிடுகிறேன்.) 1938 முதல் 1965 வரை 26 ஆண்டுகளுக்கு மேல் அவரே முதலமைச்சர். 1944, 1953, 1962 ஆகிய தேர்தல்களில் மாநில அளவில் தொழிற்கட்சியின் பக்கமே பெரும்பான்மை வாக்காளர்கள் இருந்தும் ஆட்சி அவரிடமே இருந்தது. எதிரிகள் இந்த முறைக்கே அவர் பெயரை ஒட்டி 'பிளேமேண்டர்' என்று பெயரிட்டனர். சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர் அல்லர், அவருக்கு முன்னிருந்த பட்லர் அரசு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் செய்த வேலைகளையும் மறைக்கக் கூடாது. 1944-இல் மர்ரே நீர் மார்கன் ஊரிலிருந்து வறண்ட வையாலா நகருக்குக் குழாய் வழியே சென்றது. 1946-இல் தனியார் மின் நிறுவனத்தை அரசே எடுத்துக்கொண்டது. இருந்தாலும் கிராமத்து வாக்கின் பலத்தில் அமர்ந்த அவர் தம் கவனத்தில் பெரும்பகுதியை நகரத்துத் தொழிற்சாலைகளை வளர்ப்பதில்தான் செலுத்தினார். அந்தத் தொழிற்சாலைகள் கொண்டுவந்து குவித்த தொழிலாளர்களே பின்னால் அவரைத் தோற்கடித்த தொழிற்கட்சிக்கு வாக்களித்தனர்.

கிராமத் தொகுதிகள் பலவற்றில் அந்நாட்களில் போட்டியே இருந்ததில்லை. லிபரல் வேட்பாளர் எதிர்ப்பின்றித் தேர்வாவார். 1942 சட்டத்தின்படி வாக்களிப்பது கட்டாயம். ஆனால் போட்டியில்லாத தொகுதியில் வாக்களிக்க என்ன இருக்கிறது? ஒன்பது பங்கு எடையுள்ள வாக்குச்சீட்டு இருந்தும் அதைப் பெட்டியில் போடும் வாய்ப்பு இல்லை. இவன் நமக்குத்தான் போடுவான் என்று தெரிந்த விவசாயியிடம் எந்தக் கட்சியும் பேரம் பேச வருவதில்லை.

1965-இல் தொழிற்கட்சி 21 இடங்களைப் பிடித்து ஆட்சிக்கு வந்தது. 1967 ஜூனில் டான் டன்ஸ்டன் முதலமைச்சரானார். அவர் பதவியேற்ற இரண்டு மாதத்தில் மர்ரே ஆற்றில் ஒரு சிக்கல் முளைத்தது. மாநில எல்லையை ஒட்டி சௌவில்லா என்னும் இடத்தில் பெரிய அணை ஒன்று கட்டுவதென்று 1963-இல் உடன்பாடு ஆகியிருந்தது. செலவு மதிப்பீடு எகிறியதால் 1967 ஆகஸ்டில் அந்த வேலை நிறுத்திவைக்கப்பட்டது. அதே பருவத்தில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சி. ஆற்றில் நீர் குறையக் குறைய உப்பு ஏறியது. உப்பு நீரைத் தெளிப்பான் மூலம் இலைமேல் பாய்ச்சினால் ஆரஞ்சு போன்ற பழ மரங்களின் இலை கருகி உதிரும். வேரில் பாய்ச்சுவதைவிட இது விரைவாகத் தாக்கும். கரையோரப் பழத்தோட்டக்காரர்கள் அணை வேண்டும் என்று கொதித்ததில் வியப்பில்லை.

இந்த நிலையில் வந்ததுதான் 1968 தேர்தல். மாநிலம் முழுவதும் தொழிற்கட்சிக்கு 52 சதவீத முதல் விருப்ப வாக்குகள், லிபரலுக்கு 44 சதவீதம். இடங்களோ ஆளுக்கு 19. மீதி ஒன்று சுயேச்சைக்கு.

இனித் தொகுதிகளைப் பார்ப்போம். தொழிற்கட்சி இழந்தவை இரண்டே இடங்கள்: பழத்தோட்டங்கள் நிறைந்த சாஃபி, அதற்குக் கீழே உள்ள மர்ரே. இரண்டும் ஆற்றங்கரைத் தொகுதிகள். மர்ரே தொகுதியில் இருபது சொச்சம் வாக்குகள் திசை மாறி விழுந்திருந்தால் தொழிற்கட்சிக்கு 20 இடமும் பெரும்பான்மையும் கிடைத்திருக்கும். தென்கிழக்கே மில்லிசெண்டில் நடந்தது இன்னும் விசித்திரம். அங்கே தொழிற்கட்சியின் டெஸ் கோர்கோரன் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வழக்காகி அந்தத் தேர்தல் செல்லாது என்றாயிற்று. ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் அவரே மீண்டும் வந்தார். முன்னே சொன்ன 4,500 வாக்குள்ள ஃப்ரோம் யாருக்குப் போனது தெரியுமா? தொழிற்கட்சிக்குத்தான். கிராமத் தொகுதி என்றாலே லிபரல் தொகுதி என்று எடுத்துக்கொண்டால் கணக்குத் தவறும்.

அந்த ஒற்றைச் சுயேச்சையின் பெயர் டாம் ஸ்டாட். கோதுமை விவசாயிகள் சங்கத்தின் தலைவர்களுள் ஒருவர். மர்ரே ஆற்றுப் பகுதியில் அமைந்த ரிட்லி தொகுதியிலிருந்து 1938 முதல் தொடர்ந்து வென்றுவந்தவர். 39 பேர் அவையில் இரு கட்சிகளும் சரிசமமாக நிற்க, அவர் சாய்ந்த பக்கம்தான் ஆட்சி. அவர் லிபரல் பக்கம் சாய்ந்தார், சபாநாயகரும் ஆனார். டன்ஸ்டன் உடனே விலகாமல், சட்டமன்றம் கூடும் வரை ஆறு வாரம் பதவியில் நீடித்து, இந்த முறையின் அநியாயத்தை ஊரறியச் செய்தார். அடிலெய்டில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கண்டனம் தெரிவித்தனர். ஏப்ரலில் லிபரல் தலைவர் ஸ்டீல் ஹால் முதலமைச்சரானார்.

ஹாலும் ஒரு விவசாயி. கிராமத் தொகுதியிலிருந்து வந்தவர். ஆயினும் தம் கட்சிக்கு ஆதாயம் தந்துவந்த வரையறையைத் தாமே கலைத்தார். சொந்தக் கட்சிக்காரர்கள் பலர் முகம் சுளித்தனர். புதிய சட்டப்படி 47 தொகுதிகள்: நகரத்துக்கு 28, கிராமத்துக்கு 19. அடுத்த தேர்தலில் தோற்போம் என்று தெரிந்தும் ஒருவர் இதைச் செய்தது அரசியலில் அரிதான செயல் என்பது என் கருத்து.

அவர் கவிழ்ந்தது இதனால் அன்று, அணையால். பதவிக்கு வந்தபின் பொறியாளர்களின் ஆய்வைப் பார்த்த ஹால், சௌவில்லாவை விட்டு, விக்டோரியா மலைப் பகுதியில் மிட்டா மிட்டா ஆற்றில் டார்ட்மத் அணை கட்டுவதே மேல் என்று முடிவு செய்தார். தொழில்நுட்ப நோக்கில் அது சரியான முடிவே. சௌவில்லா தட்டையான சமவெளி. அங்கே தேக்கும் நீர் ஆழமின்றி அகலமாகப் பரவும். வெயிலில் ஆவியாகும் இழப்பு மிகுதி. நீர் ஆவியாக உப்பு தங்கும். அடியில் உள்ள உவர் நிலத்தடி நீரும் ஆற்றை நோக்கித் தள்ளப்படும். டார்ட்மத் குறுகலான மலைப் பள்ளத்தாக்கு. ஆழம் அதிகம், ஆவியாதல் குறைவு, நீர் நன்னீர். ஆனால் பக்கத்தில் கட்டப்படும் அணைதான் நம் அணை என்று நினைப்பது இயல்பு. மேலே, வேற்று மாநிலத்தில் உள்ள அணையின் சாவி யார் கையில் இருக்கும் என்ற ஐயம் ஆற்றோர விவசாயிகளுக்கு இருந்தது. அதையும் அறியாமை என்று தள்ள முடியாது.

ஸ்டாட் சௌவில்லாவை விட்டுக்கொடுக்கவில்லை. 1970 ஏப்ரல் இறுதியில் வாக்கெடுப்பு சமமாக முடிந்தபோது சபாநாயகருக்குரிய தீர்மான வாக்கை அரசுக்கு எதிராக அளித்தார். ஆட்சி போயிற்று. மே 30-ஆம் நாள் புதிய எல்லைகளில் தேர்தல். தொழிற்கட்சிக்கு ஏறத்தாழ அதே 52 சதவீதம், லிபரலுக்கு அதே 44 சதவீதம். இடங்கள் மட்டும் 27-க்கு 20. வரப்பை மாற்றிக் கட்டியதும் அதே விளைச்சல் வேறு களத்தில் குவிந்துவிட்டது! சாஃபி தொகுதி மறுபடியும் தொழிற்கட்சிக்கு வந்தது. ரிட்லி தொகுதி மறுவரையறையில் மறைந்தது. ஸ்டாட்டும் அதன்பின் சட்டமன்றத்தில் இல்லை.

சாஃபி, மர்ரே, ரிட்லி மூன்றும் இரண்டு ஆண்டுகளில் இரண்டு ஆட்சிகளை மாற்ற உதவின. வாக்கின் எடையில் அவற்றுக்கு இணையான, எப்போதும் ஒரே கட்சிக்குச் சாயும் கோதுமைத் தொகுதிகளால் அது முடியவில்லை. நான் இந்தப் பட்டியலில் முதலில் பார்ப்பது வித்தியாசம் குறைந்த தொகுதிகளைத்தான்.

டன்ஸ்டன் இரண்டு அணைகளும் வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். மற்ற அரசுகள் இணங்கவில்லை. கடைசியில் டார்ட்மத்தையே ஏற்றார். 180 மீட்டர் உயரமுள்ள அந்த அணை 1979-இல் முடிந்தது. அந்த உடன்பாட்டால் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குரிய ஆண்டுப் பங்கு சுமார் 55 டி.எம்.சி.யிலிருந்து 65 டி.எம்.சி.யாக உயர்ந்தது. சௌவில்லா அணை கட்டப்படவே இல்லை. மழை பொய்த்த 2007, 2008 ஆண்டுகளில் அந்த 65 டி.எம்.சி.யும் முழுதாக வந்து சேரவில்லை. பழத்தோட்டங்களுக்கான பங்கீடு வெட்டப்பட்டது.