எவர் சொன்னது, என்று சொன்னது?

மாணவர்களே, எங்கள் திருவண்ணாமலைக் கோயிற் கல்வெட்டுகளிலே நிலம் கொடுத்த செய்தியாயினும், விளக்கு வைத்த செய்தியாயினும், பெரும்பாலும் இன்ன மன்னருக்கு இத்தனையாவது ஆண்டு என்று குறித்த பின்னரே தொடங்கக் காண்பீர்கள். கல்லில் வெட்டிய சொல்லுக்கே காலம் குறிக்க வேண்டியிருந்தது. காலையில் கண்டது மாலையில் மாறிவிடும் இணையத்துக்கோ?

மருத்துவம் பயிலும் என் பழைய மாணவர் ஒருவர், “இணையத்தில் படித்ததை ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டலாமா, ஐயா?” என்று வினவினார். காட்டலாம். ஆனால் எதனை, எதற்குச் சான்றாகக் காட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

2020 ஜனவரி 31ஆம் நாள், டில்லி ஆய்வாளர் சிலர் ‘பயோ ஆர்க்கைவ்’ என்னும் தளத்தில் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். புதிய கொரோனா வைரசின் புரதத்திலே எச்.ஐ.வி. புரதத்தை ஒத்த நான்கு சிறு பகுதிகள் உள்ளன என்பது அதன் சாரம். பிற அறிஞர்கள் சரிபார்க்கும் முன்னரே கட்டுரைகளை வைக்கும் இடம் அது, முன்பதிப்பு என்பர். டுவிட்டரில் செய்தி காட்டுத்தீயாய்ப் பரவிற்று. அத்துணைச் சிறிய துண்டுகள் வேறு பல உயிர்களின் புரதங்களிலும் காணப்படுவனவே என்று வல்லுநர்கள் அங்கேயே மறுத்துரைத்தனர். பிப்ரவரி 2ஆம் நாள் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றனர்.

இடையில், பிப்ரவரி 1 அன்று அதனை ஒருவர் மேற்கோள் காட்டினார் என்று கொள்வோம். ‘முன்பதிப்பு, பார்த்த நாள் பிப்ரவரி 1’ என்று எழுதியிருந்தால், பின்னாளில் படிப்பவர் நிலைமையை உணர்ந்துகொள்வார். வெறும் முகவரியை மட்டும் எழுதியிருந்தாலோ, நிலைபெற்ற உண்மையென்றே மயங்குவார்.

அச்சேறியதெல்லாம் வேதவாக்கு என்றும் எண்ணற்க. புகழ்பெற்ற ‘லான்செட்’ இதழில் 2020 மே மாதம் வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை ஜூன் 4ஆம் நாளே திரும்பப் பெறப்பட்டது.

நிற்க. 1978இல் வான்கூவர் நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் மேற்கோள் முறையொன்றை வகுத்தனர். அதன் வழிவந்த இன்றைய விதிகளின்படி, இணையச் சான்றுக்கு எழுதியவர், தலைப்பு, வெளியிட்டோர், வெளியிட்ட நாள், பார்த்த நாள், முகவரி ஆகியவற்றைத் தருதல் வேண்டும். பக்கத்தின் படியொன்றையும் சேமித்துக்கொள்க.

‘இம்மூலிகை நீரிழிவைப் போக்கும்’ என்று ஒரு முகநூல் பதிவு கூறுகிறது. மக்கள் எதை நம்புகின்றனர் என்று ஆராய்பவருக்கு அது நல்ல சான்று. மூலிகையின் குணத்தை ஆராய்பவருக்குச் சான்றே அன்று. வாட்சப்பில் கைமாறி வந்ததோ, படிப்பவர் தேடியும் காண இயலாதது.

நோயாளி ஒருவர் தம் நோயைப் பற்றி எழுதிய பதிவாயின் மேலும் கவனம் வேண்டும். பெயரை நீக்கினாலும், அவர் சொற்களை அப்படியே எடுத்தெழுதினால், அச்சொற்களைத் தேடியே அவரைக் கண்டுபிடித்துவிடலாம். அவ்விடத்தில் முதலில் அவருடைய இசைவைப் பெறுதல் வேண்டும்.