ஒரே வாளிப் பால், இரண்டு நிறுவையா?

ஒரே வாளிப் பாலை இரண்டு தடவை நிறுத்தால் ஒரே எடைதான் வரணும். வரவில்லை என்றால் குற்றம் பாலில் இல்லை. தராசில், அல்லது தராசு பிடித்த கையில். இதைத் தோட்டத் தோழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிராணியோடு நாம் போட்ட சண்டைகளில் பாதி இதற்காகத்தானே!

அதே நியாயத்தை இன்று வேறொரு கருவியிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்த உடல் பரிசோதனைக்கு, முப்பது வருஷம் பால்மரம் சீவிய ஓர் அக்காவைக் கூட்டிப் போயிருந்தோம். இனிப்புநீர் உள்ளவர். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கையடக்க அல்ட்ராசவுண்ட் கருவியைக் கணுக்காலில் வைத்துப் பார்த்துவிட்டு, "ரத்தக்குழாய் நல்லா இருக்கும்மா, பயப்படாதீங்க" என்றார்கள். பார்த்தது ஒரே தடவை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கொமுட்டர் ரயிலில் போகும்போது அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நமக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

கருவி பொய்யல்ல. ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு அது ரத்த ஓட்டத்தை அறிகிறது. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். ஆனால் இனிப்புநீர் நாள்பட்டால் குழாயில் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போகும். பட்டியை இறுக்கினாலும் அமுங்காது. அப்போது கணக்கு 1.4-க்கும் மேலே போகலாம். அல்லது உள்ளே அடைப்பு இருந்தும் நல்ல கணக்கே காட்டலாம்.

இத்தகைய கருவியை எப்படிச் சோதிக்கிறார்கள்? ஒரே ஆளை ஒருவரே இரண்டு தடவை பார்ப்பார். பிறகு, முதல் கணக்கை அறியாத இன்னொருவர் பார்ப்பார். கடைசியில் ஆஸ்பத்திரியின் பெரிய கருவியோடு ஒப்பிடுவார்கள். சராசரி ஒத்துப்போனால் மட்டும் போதாது, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கணும் என்று பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இங்கிலாந்துப் புள்ளியியலாளர்கள் 1986-இல் எடுத்துக்காட்டினார்கள். ஒருவருக்குக் கூட்டியும் இன்னொருவருக்குக் குறைத்தும் நிறுத்தால் மொத்தக் கணக்கு சரியாகத்தான் இருக்கும்; குறைந்தவனுக்கு அதில் என்ன ஆறுதல்?

அக்காவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். படுக்கவைத்து, இரண்டு கை, இரண்டு கால், கால் கட்டைவிரல் வரை பார்த்தார்கள். குழாய் சுருங்கியிருந்தது. இப்போது சிகிச்சை நடக்கிறது. தாமதித்திருந்தால் காலுக்கே ஆபத்து.

இது ஓர் அக்காவின் கதை மட்டுமல்ல. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, நாட்டில் வயது வந்த இந்தியர்களில் 100-க்கு 31 பேருக்கு இனிப்புநீர்.

ஆகவே தோழர்களே, மண்டபத்தில் பரிசோதனை என்றால் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேளுங்கள்: படுத்து இளைப்பாற விட்டார்களா? இரண்டு கை, இரண்டு காலிலும் பார்த்தார்களா? மறுபடி பார்த்தால் அதே கணக்கு வருமா? நடந்தால் வலி, ஆறாத புண் இருந்தால், "நல்லா இருக்கு" என்ற சீட்டை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

அன்று பால் நம்முடையது. இன்று கால் நம்முடையது. மறுபடி நிறுக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.