சூரியனை வெல்லும் நிலவு

மாணவர்களே, பொந்தியான் மாவட்டத்தில் உள்ள குக்குப்பிற்குப் போயிருக்கிறீர்களா? அங்கே வீடுகள் கடலில் ஊன்றிய கால்கள்மேல் நிற்கின்றன. காலையில் வீட்டுக்கு அடியில் நீர் தளும்பும். சுமார் ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சேறு தெரியும். பிறகு நீர் மீண்டும் ஏறும். இந்த ஏற்றத்தையும் வற்றத்தையும் ஓதம் என்கிறோம். இதற்குக் காரணம் நிலவு, சூரியன் ஆகிய இரண்டின் ஈர்ப்பு விசை.

நான்காம் படிவ இயற்பியலில் வரும் நியூட்டனின் ஈர்ப்பு விதி 1687இல் வெளியானது. அதன்படி, ஒரு பொருளின் பொருண்மை இரு மடங்கானால் ஈர்ப்பு விசையும் இரு மடங்காகும். தூரம் இரு மடங்கானாலோ விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு.

இப்போது கணக்குப் போடுவோம். சூரியனின் பொருண்மை நிலவைப்போல் சுமார் 27 மில்லியன் மடங்கு. தூரம் சுமார் 390 மடங்கு. 390இன் வர்க்கம் 152,100. வகுத்தால், சூரியன் பூமியை இழுக்கும் விசை நிலவைவிட ஏறத்தாழ 178 மடங்கு! ஆனால், சூரியனால் எழும் ஓதம் நிலவால் எழுவதில் பாதிகூட இல்லை. ஏன்?

ஓதத்தை உண்டாக்குவது இழுப்பில் உள்ள வேறுபாடுதான். எல்லா இடத்தையும் ஒரே அளவில் இழுத்தால் பூமியும் கடலும் சேர்ந்தே நகரும், நீர்மட்டம் மாறாது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். நிலவின் தூரமான 384,400 கிலோமீட்டரில் அது 1.7 விழுக்காடு. ஆகவே நிலவை நோக்கிய பக்கத்தில், பூமியின் மையத்தைவிட இழுப்பு சுமார் 3.4 விழுக்காடு அதிகம். சூரியனோ 150 மில்லியன் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கே வேறுபாடு 0.0085 விழுக்காடுதான். அதை 178ஆல் பெருக்கினாலும் 1.5தான் வரும். 3.4க்கு முன்னால் அது பாதிக்கும் குறைவு. அருகில் இருப்பதால் நிலவு வெல்கிறது.

மறுபக்கத்தில் நீரைவிடப் பூமியின் மையம் வலுவாக இழுக்கப்படுவதால் அங்கும் நீர் மேடாகும். அதனால்தான் குக்குப்பில் நாளுக்கு இரு முறை நீர் ஏறுகிறது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும்; ஏற்றமும் வற்றமும் பெரிதாகும். அடுத்த பௌர்ணமியை ஒட்டி ஒரு நாள், அரைநிலவை ஒட்டி ஒரு நாள் கரைக்குப் போய், படகுத்துறைத் தூணில் நீர் எதுவரை ஏறுகிறது என்று பாருங்கள். நியூட்டனின் விதி அங்கே உங்கள் கண்முன் தெரியும்.