வாய்தா இல்லாத ஆட்டம்

வழக்கானாலும் பொதுக்காரியமானாலும் வாய்தா வாங்கியே காலங்கழித்துப் பழகிய நம்மவர்க்கு மின்னல் சதுரங்கம் நல்லதோர் ஆசான். உலகப் போட்டியில் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 3 நிமிஷமே அவகாசம். காய் நகர்த்துந்தோறும் 2 விநாடி கூடும். பலகையில் நிறையப் படையிருந்தும் காலந்தீர்ந்து தோற்றவர் பலர்.

இது வெறும் அவசரம், சிந்தனைக்குக் கேடு என்பாருளர். இக்கூற்று பொருந்தாது. 2017 டிசம்பரில் ரியாத் நகரில் நடந்த உலக மின்னல் சதுரங்கப் போட்டியில், இளைஞர் பலர் நடுவே 48 வயதான விஸ்வநாதன் ஆனந்த் மூன்றாமிடம் பெற்றார். கைவேகம் ஒன்றே போதுமாயின் இஃது எங்ஙனம் கூடும்? சந்தையில் பழகிய சம்சாரி பல்லைப் பார்த்த மாத்திரத்தில் மாட்டின் வயதைச் சொல்லுகிறான். அது அவசரமன்று, பல்லாண்டுப் பழக்கத்தின் பயன்.

அப்பழக்கம் ஆனந்துக்கு எங்கே வாய்த்தது? இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972-இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில் டால் சதுரங்கக் கழகத்தை நிறுவினார். சிறுவன் ஆனந்த் அங்கே மின்னல் ஆட்டம் ஆடினான். வென்றவன் இருக்கையில் நீடிப்பான். தோற்றவன் எழுந்து மறுபடி தன் முறைக்குக் காத்திருப்பான். இதுவே அங்கு வழக்கம். ஓயாது ஆடி ஓயாது திருந்திய அச்சிறுவனே 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரானான். 2024-இல் நியூயார்க் நகரில் மகளிர் உலக மின்னல் போட்டியில் மூன்றாமிடம் பெற்ற வைஷாலியும் சென்னை நங்கையே.

அறிவுமழை சென்னையில் மட்டுமா பெய்கிறது? மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் கூரிய புத்தியுள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒருநாள் போட்டியும் ஒரு பதக்கமும் ஆட்டக்காரனை உருவாக்கமாட்டா. வாரந்தவறாமல் தன்னினும் வல்லாரோடு மோதித் தோற்பதற்கு ஓர் இடம் வேண்டும். மதுரையில் 2023-இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகமும், சுற்றுப்புறக் கிராமங்களின் படிப்பகங்களும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கலாகாதா? ஆணென்றும் பெண்ணென்றும், செல்வரென்றும் வறியரென்றும் பேதமின்றி, வெற்றி ஒன்றே அங்கே இருக்கைக்குச் சீட்டாகட்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்று ஊர்ப் பிரமுகர்கள் கேட்கவேண்டாம். வேண்டுவன பத்துப் பலகையும் பத்துக் கடிகாரமுமே. மேடைதோறும் நாம் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்ளும் மாலைகளைச் சில மாதம் நிறுத்தினாலே அச்செலவு தீரும்.