டிரான்சீவர் காட்சித்திரைப் பழுதுநீக்கம்

அமெச்சூர் வானொலியில் செய்தியை அனுப்பவும் கேட்கவும் பயன்படும் ஒரே கருவி டிரான்சீவர். அது எந்த அலைவெண்ணில் நிற்கிறது என்பதை முகப்பிலுள்ள காட்சித்திரை காட்டுகிறது. திரை மங்கினாலும் எண்கள் பாதி மறைந்தாலும் கேட்பதற்குத் தடையில்லை. ஆனால் அனுப்பக்கூடாது. எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் அலைவரிசை 14.000 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. எல்லை தெரியாமல் அதைத் தாண்டிப் பேசுவது உரிம விதிமீறல்.

திரையில் தெரியும் கோளாறு எல்லாம் திரையின் கோளாறு அல்ல. 1980களில் வந்த கென்வுட் டிஎஸ்-440எஸ் இதற்கு நல்ல சான்று. அதில் எண்கள் மறைந்து வெறும் புள்ளிகள் தோன்றினால், திரை உண்மையில் சரியாகவே வேலை செய்கிறது. அலைவெண்ணை உருவாக்கும் பி.எல்.எல். சுற்று நிலைகொள்ளவில்லை என்பதே அப்புள்ளிகளின் பொருள். அலையியற்றிப் பகுதியில் பாகங்கள் அசையாதிருக்கப் பூசிய பசை, ஆண்டுகள் செல்லப் பழுப்பாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குவது இதற்குப் பேர்பெற்ற காரணம். பசையைச் சுரண்டி நீக்கி, அரித்துப்போன பாகங்களை மாற்ற வேண்டும். புதுத் திரை வாங்கியவருக்குப் பணம்தான் வீண்.

அக்காலக் கருவிகள் பலவற்றில் நீலப்பச்சையாக ஒளிரும் வெற்றிடக் குழாய்த் திரை இருந்தது. சூடான மெல்லிய இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் ஒளிர்பூச்சில் மோதுவதால் எண்கள் தெரிகின்றன. திரை முழுவதும் ஒருசேர இருண்டால், இழைக்கும் குழாய்க்கும் மின்னழுத்தம் தரும் மாற்றியை முதலில் சோதிக்க வேண்டும்; அதிலுள்ள மின்பகு மின்தேக்கிகள் காய்ந்திருக்கலாம். ஒளிர்பூச்சே தேய்ந்துவிட்டால் அதே வகைக் குழாயைத் தேடுவது தவிர வழியில்லை.

எல்.சி.டி. திரை முற்றிலும் இருண்டிருந்தால், கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்கலாம். எண்கள் மங்கலாகத் தெரிந்தால் பின்விளக்கு மட்டுமே பழுது. அது குளிர்முனைக் குழல் விளக்கானால் இன்வெர்ட்டரில் பல நூறு வோல்ட் இருக்கும். மின்சாரம் ஓடும்போது அதன்பக்கம் கை போகக்கூடாது.

எண்களின் சில கோடுகள் மட்டும் காணாமல்போய், சட்டத்தை மெல்ல அழுத்தியதும் திரும்பி வந்தால், ஜீப்ரா ஸ்டிரிப்பைச் சந்தேகிக்கலாம். மின்கடத்தும் அடுக்கும் கடத்தா அடுக்கும் மாறிமாறி அமைந்த சிலிக்கோன் ரப்பர்ப் பட்டை அது. கண்ணாடியையும் சுற்றுப் பலகையையும் இணைப்பது அதுவே. மின்சாரத்தைத் துண்டித்து, நிலைமின் காப்புப் பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சட்டத்தைக் கழற்ற வேண்டும். பட்டை இருந்த திசையைக் குறித்துக்கொள்வது நல்லது. பட்டையின் விளிம்பையும் பலகையின் தொடுமுனைகளையும் ஐசோபுரோபைல் ஆல்ககால் தோய்ந்த நூல் உதிராத துணியால் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். வெறும் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை மறுபடி படியும். திருகுகளைச் சிறிது சிறிதாக, மாறிமாறி முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் கண்ணாடி விரிசல் விடும். சில கருவிகளில் இப்பட்டைக்குப் பதிலாக மெல்லிய படலத்தைக் கண்ணாடியில் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால் திரைத் தொகுதியையே மாற்றுவதுதான் பெரும்பாலும் தீர்வு.

பழைய கருவியைப் பிரிக்கும்போது உள்ளிருக்கும் லித்தியம் மின்கலத்தைக் கழற்றிவிடக்கூடாது. ஐகாம் ஐசி-751 போன்றவற்றில் இயக்க நிரலே அந்த மின்கலத்தால் காக்கப்படும் நினைவகத்தில் உள்ளது. அது அழிந்தால் கருவி இயங்காது.

திரை மீண்டதும், அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. போல 10 மெகாஹெர்ட்ஸில் நேரக்குறி அனுப்பும் நிலையம் ஒன்று கேட்கும் வேளையில், திரையிலுள்ள எண்ணை அதனுடன் ஒப்பிடலாம். எண் பொருந்திய பிறகே மைக்கை எடுக்க வேண்டும்.